சின்ன ர

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குத் தெருமுனைக் கல்பெஞ்சைப் பெயர்த்தெடுக்க இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு வந்து இறங்கியபோது, சாவிக்காரி பட்டறைக்குள் ஒரு பீரோச் சாவிக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஆனால் அரம் ஓடுகிற சத்தம் ஒரு நொடி நின்றது, பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது. எதிர்வரிசையில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பால் வாங்கப் போனவர்கள் பாலோடு நின்றார்கள். துணி காயப்போட வந்த தையல்காரி ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, காயப்போடுவதையே மறந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். பூட்டுக்காரர் போய் ஒன்றரை மாதம் ஆகிறது. மனிதர் வாழ்நாளெல்லாம் ஊரார் பூட்டைத் திறந்து கொடுத்தார், தன் வாயை மட்டும் திறக்கமாட்டார். எதையும் நேராகக் கொடுத்துப் பழக்கமில்லாதவர். சாவிக்காரிக்கு ஒரு ஜோடித் தோடு வாங்கினால்கூட அதைத் திருகாணி டப்பாவில் ஒளித்துவைத்து, நாட்காட்டித் தாளின் பின்பக்கம் நாலு வரிக் கவிதை எழுதி அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். அவள் மூன்று நாள் தேடிக் கண்டுபிடிப்பாள். மூன்று நாளும் அவரைத் திட்டுவாள். அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டே அவர் மீசைக்குள் சிரிப்பார். இரண்டாம் தாரமாக வந்தவளிடம் இப்படியெல்லாம் விளையாடுகிறாரே என்று தெருவுக்கு ஒரு பக்கம் வயிற்றெரிச்சல், ஒரு பக்கம் பொழுதுபோக்கு.

போன வருஷம் ஒருநாள், அரத்தில் ஒட்டியிருந்த இரும்புத்தூளைத் தட்டிக்கொண்டே சொல்லியிருக்கிறார்: "பட்டறைய உன் பேருக்கு எழுதி வெச்சுட்டேன். சாட்சிக் கையெழுத்தும் வாங்கியாச்சு."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"சொல்லிட்டா அதுல என்ன சுவாரசியம்?"

"உங்க சுவாரசியத்துல இடி விழ" என்று அவள் சொன்னதைத் தையல்காரி தன் இரண்டு காதாலும் கேட்டாள். நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர்தான்.

அதற்கப்புறம் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனது. ஆஸ்பத்திரியில் சாவிக்காரி மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரம் பார்த்துக் கடைசி மூச்சு நெருங்கியது. பக்கத்தில் இருந்தது முதல் தாரத்து மகன்தான். மருந்துக் கம்பெனியில் வேலை, தூங்கும்போதுகூடக் கழுத்தில் டை இருக்கும் என்று தெருவில் பேச்சு, அதனால் டைக்காரன். தலையணைக்கு அடியில் இருந்த மடித்த தாளை அவன் கையில் திணித்துவிட்டுக் கிழவர் கண்ணை மூடினார். யாரிடம் கொடுக்க நினைத்தார் என்பது அவருக்கும் அந்தத் தலையணைக்கும்தான் தெரியும்.

தாளைப் பிரித்தால் நாலு வரிக் கவிதை. டைக்காரனுக்குக் கவிதை என்றாலே கொட்டாவி வரும். ஆனால் இறந்துபோன அவன் அம்மாவின் நகைகள் எங்கே போயின என்பது இருபது வருஷமாக அவன் மனசில் உறுத்திக்கொண்டிருந்த முள். நகை இருக்கும் இடத்துக்குக் குறிப்பு இதுதான் என்று முடிவுகட்டிவிட்டான். நேராக மாமனாரிடம் கொண்டுபோனான். மாமனார் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனால், அதில் பிழை திருத்திக் கையில் திருப்பிக் கொடுப்பவர். அவர் அந்தத் தாளைப் பார்த்து முதலில் சொன்னது, "ஐயோ, எழுத்துக்கொலை!" என்பதுதான். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா தானாக வெளியே வந்தது.

அவரையும் குறை சொல்ல முடியாது. பூட்டுக்காரரின் எழுத்து அப்படி. பட்டறைப் பலகையில் 'சாவி தயாறிக்கப்படும்' என்று இன்றைக்கும் இருக்கிறது. கதவில் 'உல்லே வறவும்'. எந்த ர, எந்த ல என்பதெல்லாம் அவருக்கு அன்றைய காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்தது.

வாத்தியார் வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, தானே சுத்தமாகப் படியெடுத்ததை உரக்கப் படித்தார். சாவிக்காரியையும் கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலி மட்டும் போடவில்லை. கதவோரம் நின்று கேட்டாள்.

*அறம் இருக்க அஞ்சாதே, அதனடியில் நானிருப்பேன்.*
*ஆயிரம்பல் தேய்ந்தாலும் அடிப்பிடியை விடமாட்டேன்.*
*திறக்க ஒரு சாவியில்லை, திருகினால் போதும் பெண்ணே –*
*பிடித்தவள் கைக்கே பிடி.*

"அசலைக் கொஞ்சம் காட்டுங்க" என்றாள்.

"அது எதுக்கும்மா? கண்ணுக்குக் கேடு. நான்தான் குற்றமில்லாம எழுதிக் குடுத்திருக்கேனே" என்று படியின் படி ஒன்றை அவளிடம் நீட்டினார் வாத்தியார்.

"பெண்ணேன்னு போட்டிருக்காரே. என்னத்தானே சொல்றாரு?"

"அது கவிதை மரபு. யாரையும் குறிக்காது."

டைக்காரன் குறுக்கிட்டான். "சித்தி, கவிதையை விடுங்க. பட்டறைக்கு உங்ககிட்ட ஏதாவது பத்திரம் இருந்தா காட்டுங்க. இல்லன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள சாமானை எடுத்துக்குங்க. திங்கட்கிழமை செல்போன் கடைக்காரர் வராரு. வாக்கு குடுத்துட்டேன்."

"என் கடைக்கு நீ வாக்கு குடுத்தியா, தம்பி?"

"அப்பா கடை."

பதினெட்டு வருஷம் அந்தப் பட்டறையில் அவரைவிட அதிகமாகச் சாவி வெட்டியவள் அவள். அவர் கண் மங்கிய பிறகு முழுக்க அவள்தான். இதை அங்கே சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்றல்ல, சொன்னால் குரல் உடைந்துவிடும் என்று. உடைந்த குரலை அந்தக் கூடத்துக்குக் காட்டுவதற்குப் பதில் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்.

அந்தப் படியைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்துப் பத்து நாள் பார்த்தாள். அறம். அறம், தருமம் என்று அவர் பேசி அவள் கேட்டதேயில்லை. கணவராகப்பட்டவர் கொஞ்சம் கருமி, கொஞ்சம் முரடர், நிறையப் பிடிவாதக்காரர். இதில் அறம் எங்கே வந்து உட்கார்ந்தது? சாவுக்கு முன்னால் மனிதர் மாறிவிட்டாரோ, தன்னிடம் சொல்லாமலேயே வேறு ஆளாகிப் போய்விட்டாரோ என்று நினைத்தபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. பத்திரம் கிடைக்காத கவலை அதற்கு அப்புறம்தான்.

வாத்தியாருக்கு இந்தச் சிக்கலெல்லாம் இல்லை. பூட்டுக்காரர் வாழ்நாளில் செய்த ஒரே அறம் தெருமுனையில் போட்ட கல்பெஞ்சு. "அதனடியில் நானிருப்பேன்", பெஞ்சுக்கு அடியில். "ஆயிரம்பல் தேய்ந்தாலும்", அதில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிப் பேசித் தேய்ந்த பற்கள். "பிடி", மண்வெட்டிப் பிடி. "திருகினால் போதும்" என்பதற்கு மட்டும் கொஞ்சம் திணறி, கடப்பாரையை மண்ணில் திருக வேண்டும் என்று பொருள் கண்டார்.

அப்படித்தான் பெஞ்சு பெயர்ந்தது. பதினொரு மணிக்கு இடுப்பாழம். பன்னிரண்டு மணிக்கு நெஞ்சாழம். அதுவரைக்கும் கிடைத்த புதையல்: ஒரு ஒற்றைச் செருப்பு, துருப்பிடித்த சைக்கிள் மணி, கடைசியில் சாக்கடைக் குழாய். கடப்பாரை குழாயில் பட்டதும் அது தன் பங்குக்கு ஒரு விரிசலைக் காட்டியது. மூக்கைப் பொத்திக்கொண்டு கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. வீட்டுக்குப் போகவில்லை.

"வாத்தியாரே, அறம் நாறுது!" என்றாள் தையல்காரி.

வியர்த்துக் கொட்டிய வாத்தியார், எங்கே தவறியது என்று பார்க்கச் சட்டைப்பையிலிருந்து அசல் தாளை எடுத்தார். அவர் விரிப்பதற்கும் பின்னால் ஒரு கை நீளுவதற்கும் சரியாக இருந்தது. சாவிக்காரி எப்போது பட்டறையை விட்டு இறங்கி வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. தெருவுக்கு இது பெரிய அவமானம்.

"குடுங்க."

"அம்மா, இது..."

"என் வீட்டுக்காரர் எழுத்து. குடுங்க."

கொடுத்துவிட்டார். அந்தக் குரலுக்கு யாராயிருந்தாலும் கொடுத்திருப்பார்கள்.

தாள் முழுக்கச் சிவப்பு. 'இறுக்க', 'ஆயிறம்', 'தேய்ந்தாளும்', 'திரக்க', 'பென்னே', 'பிடித்தவல்' எல்லாவற்றையும் சுற்றி வட்டம். வட்டத்துக்கு மேலே திருத்தம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மனிதர் மாறவே இல்லை. சாகும்வரை அதே ஆள்தான். பிறகு அவள் கண் முதல் சொல்லுக்குப் போனது. அதையும் வாத்தியார் வட்டம் போட்டுத்தான் வைத்திருந்தார்.

அரம்.

சின்ன ர.

இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கல்யாணமான புதுசில் நடந்ததைத் தெரிந்திருக்க வேண்டும். பூட்டுக்காரர் இரும்புக்கடைக்குச் சாமான் பட்டியல் எழுதி அனுப்பினார். அதில் 'அறம் இரண்டு' என்று இருந்தது. கடைக்காரன், "இங்க அறம் ஸ்டாக் இல்ல, கோயில்ல கேட்டுப் பாருங்க" என்று அதே சீட்டில் எழுதித் திருப்பி அனுப்பினான். ஊரே சிரித்தது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள் எட்டாவதுவரை படித்த இவளிடம், கதவைச் சாத்திக்கொண்டு, "எது சரி?" என்று கேட்டார். "சின்ன ர. தேய்க்கிற அரத்துக்குச் சின்ன ர" என்றாள். பட்டறைக் கதவின் உட்பக்கம் சாக்குக்கட்டியால் நூறு தடவை எழுதினார் மனிதர். அரம், அரம், அரம். உலகத்தில் வேறு எந்தச் சொல்லை வேண்டுமானாலும் தப்பாக எழுதுவார். இதை மட்டும் மாட்டார்.

வாய்விட்டுப் படித்தால் இரண்டும் அவள் காதுக்கு ஒன்றுதான். சுவரில் ஒட்டிய படியில் இருந்த பெரிய ற-தான் பத்து நாளாக ஏமாற்றியிருக்கிறது. அசலைக் கண்ணால் பார்த்திருந்தால் அரை நொடி வேலை.

"வாத்தியாரே" என்றாள். "நீங்க போட்ட வட்டத்துல எல்லாம் நியாயமான வட்டம். ஒண்ணத் தவிர. வாழ்க்கையிலேயே அவர் சரியா எழுதின ஒரே சொல்ல நீங்க திருத்திட்டீங்க."

வாத்தியாருக்குப் புரிய நேரம் பிடித்தது. தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றி, முதல் சொல்லை மறுபடி பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. கழுத்திலிருந்து மேலே சிவப்பு ஏறியது, அவர் பேனாவின் அதே நிறம்.

டைக்காரன் அங்கே இல்லை. சாக்கடைக் குழாய் தெரிந்தவுடனேயே கோபத்தில் பட்டறைப் பக்கம் போய்விட்டான். அவள் திரும்பிப் பார்த்தபோது கதவைச் சாத்தி, புத்தம் புதுப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். அரம் உள்ளே. பீரோச் சாவி வைஸ் இடுக்கியில் பாதி தீட்டியபடி.

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன், சித்தி. இன்னைக்குத்தான் ஞாயித்துக்கிழமை. சாமானை நாளைக்கு ஆள் வெச்சு உங்க தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடறேன்."

கூட்டம் குழியை விட்டுப் பட்டறைக்கு நகர்ந்தது. இரண்டடி முன்னால் நின்றுகொண்டிருந்தவர்கள் இப்போது பின்வரிசையானதில் கொஞ்சம் தள்ளுமுள்ளு.

சாவிக்காரி பூட்டைக் கையில் ஏந்திப் பார்த்தாள், சந்தையில் கத்தரிக்காய் பார்க்கிற மாதிரி. புரட்டினாள். காதோரம் வைத்து ஆட்டினாள்.

"இதைக் காசு குடுத்தா வாங்கினே?"

"நல்ல கம்பெனி. ஏழு லீவர்."

"பெட்டியில ஏழுன்னு போட்டிருப்பான். நாலுதான் வேலை செய்யும்."

கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். முடி சரிந்து தோளில் விழுந்தது, பாதி நரைத்து. பல்லால் ஊசியின் நுனியை வளைத்தாள். தையல்காரி சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." கூட்டமும் சேர்ந்துகொண்டது. பதினொன்றில் பூட்டு வாயைப் பிளந்தது.

"தம்பி" என்று பூட்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள். "பூட்டுக்காரர் பொண்டாட்டி வாசல்ல பூட்டு மாட்டறதா இருந்தா, எங்கிட்டயே வந்து கேட்டிருக்கலாம். நல்லதா ஒண்ணு பாத்துக் குடுத்திருப்பேன்."

தெரு சிரித்தது. ஒரு கல்பெஞ்சு போனதற்கு ஈடான சிரிப்பு.

அவள் உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்து பெரிய அரத்தை எடுத்தாள். பதினைந்து அங்குலம். அதன் மரப்பிடி உடைந்ததென்று போன வருஷம்தான் அவர் பித்தளைக் குழாயில் புதுப்பிடி செய்து போட்டார். நுனியில் திருகுமூடி. இது எதுக்கு, கை கனக்குது என்று அவள் முணுமுணுத்தபோது, "கனக்கட்டும், பிடிச்சுக்க" என்றார். தினமும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். காதருகே வைத்து ஆட்டினாள். உள்ளே சுருட்டிய தாள் ஒன்று மெதுவாக இடித்தது. இத்தனை நாளும் அதை இரும்புத்தூள் என்று நினைத்திருந்தாள்.

டைக்காரன் வாசலில் நின்றான். பூட்டு இன்னும் கையில் திறந்தபடி. "அதுக்குள்ளயா? சித்தி, திறங்க. இப்பவே திறங்க."

அவள் விரல் மூடிமேல் போயிற்று. உள்ளே பட்டறைப் பத்திரம் இருக்கலாம். அவன் அம்மாவின் நகையைப் பற்றி ஒரு வரி இருக்கலாம். அந்த மனிதரை நம்ப முடியாது, இன்னொரு கவிதைகூட இருக்கலாம். எது இருந்தாலும் இந்த முக்காலியை விட்டு எழுந்திருக்கப்போவதில்லை என்பது, பூட்டு திறந்த அந்தப் பதினொன்றாவது எண்ணிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. விரலை எடுத்துவிட்டாள்.

"கையில வேலை இருக்கு. பீரோச் சாவிக்கு மூணு மணிக்கு ஆள் வராங்க. நாளைக்குக் காலையில வாங்க, எல்லாருமா. வாத்தியாரையும் கூட்டிட்டு வா. அவரே எல்லார் முன்னாடியும் உரக்கப் படிக்கட்டும். சிவப்புப் பேனாவ மட்டும் வீட்டுல வெச்சுட்டு வரட்டும்."

"நாளைக்குச் செல்போன் கடைக்காரர் வருவாரே..."

"வரட்டும். வீட்டுச் சாவி தொலைஞ்சா வெட்டிக் குடுக்கறேன்."

அவள் வைஸ் பக்கம் திரும்பினாள். சரிந்த முடியை முடியவும் இல்லை. கதவு அகலத் திறந்து கிடந்தது. அதன் உட்பக்கத்தில், பதினெட்டு வருஷத்துப் புகைக்கும் எண்ணெய்க்கும் அடியில், சாக்குக்கட்டி எழுத்து வெயில் பட்ட இடத்தில் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அரம் பித்தளைச் சாவிமேல் ஓடியது. முன்னே தள்ளும்போது சர்ர் என்றது. பின்னே இழுக்கும்போது பிடிக்குள் அந்தத் தாள் அவள் உள்ளங்கையை மெல்ல இடித்தது. சர்ர், டொக். சர்ர், டொக். தையல்காரி தோளில் கிடந்த துணி அங்கேயே காய்ந்துபோயிருந்தது.