முள் இல்லாத இரை

தூண்டில் கடையில், மீனை ஏய்க்கிற மலிவு விலைப் பொய்யிரைகள் கிடந்த தட்டின் முன்னால் மார்லிஸ் அரைமணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, முள்ளை எப்படிக் கோத்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தாள். நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. முள் வளையத்தில் தொங்கினால் கழற்றிவிடலாம். ஈயத் தலையோடு சேர்த்து வார்த்திருந்தால் வெட்டத்தான் வேண்டும், வெட்டினால் ரப்பர் வால் நிற்காது.

"நம்ம குட்டி ஏரிக்கு வெள்ளை ரப்பர் வால் போதும், மார்லிஸ். புளூகில் மீனும் கடிக்கும், பாஸ் மீனும் கடிக்கும்" என்றான் கடைக்காரன் டுவேன். "போன வாரம்தான் சுழல்தகடு அஞ்சு வாங்கிட்டுப் போன. அத என்ன, வறுத்தா தின்னீங்க?"

"வெர்லினுக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

"அப்படியா? மீன் வந்து கொத்துது, நிக்க மாட்டேங்குதுன்னு ஏரியிலேருந்து திரும்புறப்போ காப்பிக் கடையில புலம்பிக்கிட்டு இருந்தானே."

அவள் ஆறு சுழல்தகடுகளை அள்ளிக்கொண்டு, பணத்தை வைத்துவிட்டு, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டாள்.

பிப்ரவரியில் அவள் கணவன் வெர்லினுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பார்வையும் மங்கிவிட்டது. இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. அதன்பிறகு மே மாதம் முதல் தடவையாக ஏரிக்குப் போனபோது தூண்டில் முள் அந்த உணர்வில்லாத கையில் ஏறிவிட்டது. அவனோ அது தெரியாமல் வானிலை பேசிக்கொண்டிருந்தான். ஏரிக்குள் நீட்டியிருந்த பலகைத் துறை இரத்தத்தில் சிவந்த பிறகுதான் அவள் பார்த்தாள். இரத்தம் நிற்க நாலு மணி நேரம் ஆயிற்று. இனித் தூண்டில் பக்கமே போகக்கூடாது என்றார் மருத்துவர். சொல்வது யாருக்கும் சுலபம். நாளெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதன் ஏரி என்றால் மட்டும்தான் ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிறான். அதையும் பிடுங்கிவிட்டு அவன் முகத்தில் எப்படி விழிப்பாள்?

அதனால் அவன் குளிக்கிற நேரத்தில் குறடால் முள்ளைக் கழற்றினாள். சமையலறைத் தொட்டியில் நீர் நிரப்பி இழுத்துப் பார்த்தாள். முள்ளின் கனம் போனதும் சில தகடுகள் சுழலாமல் செத்த இலையாக வந்தன. ஆறில் மூன்று தேறினால் பெரிது, விலை கூடியது வாங்கிக் கட்டுப்படியாகாது. தூண்டில் நரம்பில் தகட்டை முடிச்சுப் போட்டுக் கொடுப்பதும் அவள்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. இரண்டு மாதம் மறைந்திருந்ததே அதிசயம்.

அன்று பிற்பகல் துறையின் நுனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது கையால் வீசினான் வெர்லின். கோலைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அதே கையால் நரம்புச் சுருளைச் சுற்றினான். மூன்று தடவை மீன் இழுத்தது, மூன்று தடவையும் விட்டது. மூன்றாவது தடவை அவள் எட்டிப் பிடிப்பதற்குள் தகடு ஆடி வந்து அவன் மடியில் விழுந்தது. அவன் பெருவிரல் அதைத் தடவிக்கொண்டே போய்க் காலி வளையத்தில் நின்றது.

"இதுல முள்ளு எங்க?"

"நான்தான் கழட்டினேன்."

"எப்பலேருந்து?"

"மே மாசத்துலேருந்து."

அவன் ஏரியைப் பார்த்தான். திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. எழுந்து வீட்டுக்குப் போய், மறுபடி அந்தச் சுவருக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவானோ என்று பயந்தாள்.

"டுவேன்கிட்ட சொன்னியா?"

"யார்கிட்டயும் சொல்லல."

"சொல்லிடாத. சாகுறவரைக்கும் சிரிப்பான்."

முள்ளில்லாத அதே தகட்டை அவன் மறுபடி வீசினான். தகடு அல்லிக் கூட்டத்தின் ஓரம் விழுந்தது. இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பான், தண்ணீர் சிதறியது. கோல் வளைந்து நுனி நீரைத் தொட்டது. பெரிய பாஸ், தகட்டை வாயில் கவ்விக்கொண்டு விடாமல் ஆழத்துக்கு இழுத்தது. அது வாயைத் திறக்கிறவரைதான் எல்லாம் என்று இருவருக்கும் தெரியும். வெர்லின் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினான், இன்னொரு சுற்று.

"மார்லிஸ்" என்றான், மீனுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதைப் போல. "வலைய எடு."

அவள் வலையை எடுத்துக்கொண்டு பலகையில் மண்டியிட்டு, எவ்வளவு தூரம் கை போகுமோ அவ்வளவு தூரம் நீருக்கு மேல் நீட்டினாள்.