துரைராஜின் வலது கை

டாக்டர் துரைராஜின் பெயரை முதலில் சொன்னது ஜஹீதாதான்.

1934ஆம் வருஷம் அது. வைத்தியக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் வருஷா வருஷம் தன் உறுப்பினர்களில் சிறந்த ஒருவருக்குத் தங்க மெடல் கொடுப்பது வழக்கம். அந்த வருஷத்துக் கமிட்டியில் இருந்த ஒரே பெண் ஜஹீதா. மற்றவர்கள் ரங்கூனில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒருவரைப் பற்றியும், லண்டனுக்குப் போய்ப் பட்டம் வாங்கி வந்த இன்னொருவரைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊரைவிட்டுப் போகாமல், ஏழைகளிடம் காசு வாங்காமல், கண்புரை எடுத்தே காலத்தைக் கழித்த துரைராஜ் நம் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று அவள் கேட்டாள். யாருக்கும் மறுத்துப் பேசத் தோன்றவில்லை. அவர் பெயரே முடிவானது.

அவளும் துரைராஜும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பிணம் அறுக்கும் அறைக்குள் அவள் முதல் நாள் நுழைந்தபோது, அவளோடு ஒரே மேஜையில் நிற்க எந்தப் பையனும் முன்வரவில்லை. துரைராஜ் தன் கத்திப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து எதிர்ப்பக்கம் நின்றார். அதைப் பற்றி அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை. அதற்குப் பின் படிப்பு முடியும்வரை அது அவர்கள் மேஜையாகவே இருந்தது. இப்போது அவள் மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுப் பக்கம் பெண்களுக்கு ஒரு டிஸ்பென்சரி நடத்திவந்தாள். அவர் தியாகராய நகரில் புதிதாக ஒரு வீடு கட்டி, முன்பக்கத்தைக் கண் ஆஸ்பத்திரியாக வைத்திருந்தார்.

நல்ல செய்தியை நேரில் சொல்ல வேண்டும் என்று அவள் ஜட்கா பிடித்துப் போனாள். பார்த்து நாளாகியிருந்தது. துரைராஜ் வாய்விட்டுச் சிரிக்கிற மனிதர். மெடல் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகத்தில் அசைவே இல்லை. பிடிக்கவில்லையோ என்று முதலில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அப்புறம்தான் மடியில் கிடந்த அவருடைய வலது கையைப் பார்த்தாள். கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு உரசிக்கொண்டே இருந்தது, மாத்திரை உருட்டுவதுபோல. அவர் மனைவி சொர்ணம் கொண்டுவந்து வைத்த காப்பியை இடது கையால் எடுத்தார். ஜஹீதாவின் பார்வை போன இடத்தைக் கவனித்தவர் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

ஒரு டாக்டருக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. நடுக்குவாதத்தின் ஆரம்பம். அவள் வாழ்த்துச் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். வேலைக் களைப்பாக இருக்கும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை.

அடுத்த வாரம் சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து பாஞ்சாலி என்ற கீரைக்காரி, பிள்ளைத்தாய்ச்சியான தன் மகளைக் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தாள். மகளைப் பார்த்து முடித்த பிறகு ஜஹீதா தாயின் முகத்தைக் கவனித்தாள். இடது கண் சுருங்கி வெளுத்துப்போய் உள்ளே போயிருந்தது. யார் வைத்தியம் பார்த்தது என்று கேட்டாள். துரைராஜ் டாக்டர் என்றாள் பாஞ்சாலி. சொன்ன குரலில் கோபம் எதுவும் இல்லை.

"பொரை எடுக்கசொல்லோ நான் இருமிட்டேனாம். அதான் கண்ணு போச்சுன்னு டாக்டரு சொல்றாரு. நான் இருமவே இல்லம்மா. மூச்சைக்கூட புட்ச்சிக்கினுதான் படுத்துனு இருந்தேன். சரி, பெரியவரு சொல்றாரு, இருமியிருப்பேன்."

வலது கண்ணிலும் புரை முற்றியிருந்தது. எதிரே இருப்பது ஆள் என்று தெரியும், யாரென்று தெரியாது. மெடல் விழா முடிந்த மறு வெள்ளிக்கிழமை அந்தக் கண்ணின் புரையையும் எடுத்துவிடுவதாகத் துரைராஜ் சொல்லியிருந்தாராம். வேறு டாக்டரிடம் போனால் என்ன என்று ஜஹீதா மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"தங்க மெடலே குடுக்கறாங்களாமே அவருக்கு" என்றாள் பாஞ்சாலி. "அவரைவிட ஒசந்த டாக்டரு யாரு கீறாங்க?"

 அந்த மெடலுக்கு அவர் பெயரைச் சொன்னவளே ஜஹீதாதான்.

அன்று சாயங்காலமே சங்கத்தின் காரியதரிசி டாக்டர் ராமானுஜத்தைத் தேடிக்கொண்டு மாட வீதிக்குப் போனாள். அவரும் பழைய மாணவர்தான், மயிலாப்பூரில் பேர்போன ஜுர வைத்தியர். விழாவைத் தள்ளிப்போட வேண்டும் என்று தொடங்கி, பார்த்ததையெல்லாம் சொன்னாள். ராமானுஜம் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நேக்குத் தெரியாதுன்னு நெனைச்சேளா? ஒரு வருஷமா பாத்துண்டுதான் இருக்கேன். கமிட்டியில எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் நீங்க அவன் பேரைச் சொன்னப்போ ஒருத்தரும் வாயைத் திறக்கலை. கௌரவமா ஒரு மெடலைக் கொடுத்து அனுப்பிச்சுடலாமே. அப்புறம் அவனே ஒதுங்கிடுவான்."

துரைராஜிடம் யாராவது இதைச் சொன்னார்களா என்று அவள் கேட்டாள். அதை எப்படி வாயால் சொல்வது என்றார் ராமானுஜம். மந்திரி வருவதாக ஒப்புக்கொண்டாயிற்று, அழைப்பும் போய்விட்டது, இனி எதையும் மாற்றுவதற்கில்லை என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

சொல்ல வேண்டியது தன் தலையில்தான் விழுந்திருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். பிறகு நோயாளிகள் இல்லாத வேளையாகப் பார்த்துத் தியாகராய நகருக்குப் போனாள். சுற்றி வளைக்காமல், உங்கள் கையைப் பார்த்தேன் என்றாள்.

துரைராஜ் எழுந்து கதவைச் சாத்தினார். தட்டிலிருந்து ஒரு கண் கத்தியை எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். நுனி அசையவில்லை.

"பாத்தீங்களா? கத்தியைத் தொட்டா நின்னுடுது. சும்மா இருக்கும்போதுதான் ஆடுது."

இந்த நோய் ஆரம்பத்தில் அப்படித்தான் ஏமாற்றும் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நடுக்கம் நின்றாலும் கையின் விறைப்பு நிற்காது. திருப்ப வேண்டிய நொடியில் விரல் திரும்பாது. அவள் பாஞ்சாலியின் பேரைச் சொன்னாள்.

"அவ இருமினா" என்றார்.

"இருமலைன்னு சொல்றா."

அவர் கத்தியைத் தட்டில் வைத்தார். வைத்த மாத்திரத்தில் விரல்கள் மறுபடி உருட்டத் தொடங்கின. அதை அவரே வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இந்த வேலையை எடுத்துவிட்டால் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டார்.  கடைசியில் அவராகவே இறங்கி வந்தார். விழா மட்டும் நடக்கட்டும், அதற்குப் பிறகு கத்தியைத் தொடமாட்டேன், பாஞ்சாலியை எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். அவள் நம்பினாள். நம்பிவிட்டால் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம்.

விழா கல்லூரிப் பெரிய ஹாலில் நடந்தது. வாழைமரம் கட்டி, மேடையில் மந்திரிக்கு வெல்வெட் நாற்காலி போட்டிருந்தார்கள். பெயரை முன்மொழிந்தவர் என்ற முறையில் துரைராஜைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும் பொறுப்பு ஜஹீதாவுக்கு. மயிலாப்பூர், அடையாறு, சைதாப்பேட்டை ஏழைகளுக்கு அவர் செய்ததையெல்லாம் சொன்னாள். எல்லாம் உண்மைதான். தங்கமான கை என்று ஒரு வாக்கியம் முன்பே எழுதி வைத்திருந்தாள். அந்த இடம் வந்ததும் நாக்கு எழவில்லை. அதை விட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனாள்.

துரைராஜ் நாற்காலியிலிருந்து எழுந்து மேடைக்கு நடந்தார். இடது கை வீசி நடந்தது. வலது கை உடம்போடு ஒட்டியே இருந்தது. கால்கள் சின்னச் சின்ன அடியாக வைத்தன. ஹாலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் டாக்டர்கள். அவர் மேடை ஏறுவதற்குள் அத்தனை பேரும் நோயைக் கண்டுகொண்டுவிட்டதை ஜஹீதா மேலிருந்து பார்த்தாள். பக்கத்து ஆளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மந்திரி மெடலைக் குத்தினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், வழக்கத்தைவிட அதிக நேரம். துரைராஜின் சட்டையில் மெடல் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை, மனசு கேட்காமல், ஜஹீதா தியாகராய நகருக்குப் போனாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் வைக்க இடம் இல்லை. பத்திரிகையைப் பார்த்துவிட்டு எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். முதல் பெஞ்சில் பாஞ்சாலி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் மருந்து விட்டாயிற்று, அடுத்தபடி உள்ளே கூப்பிட வேண்டியதுதான்.

ஜஹீதா அவள் பக்கத்தில் குனிந்து, தன்னோடு எழும்பூருக்கு வரும்படி சொன்னாள். பாஞ்சாலி மாட்டேன் என்றாள். மெடல் வாங்கின டாக்டரை விட்டுவிட்டு எதற்கு இன்னொரு இடம் என்று கேட்டாள். இரண்டு மூன்று முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தும் அவள் அசையவில்லை. உள்ளிருந்து பெயரைக் கூப்பிடும் குரல் கேட்டது.

"அவர் கையில வியாதி இருக்கு" என்றாள் ஜஹீதா. வராந்தா முழுக்கக் கேட்டது. "நடுக்குவாதம். உன் இன்னொரு கண்ணும் போயிடும்."

பேச்சு நின்றுபோயிற்று. அறை வாசலில் வெள்ளை அங்கியோடு துரைராஜ் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. அவள் என்னுடைய நோயாளி என்று மட்டும் சொன்னார். குரல் உயரவில்லை.

பாஞ்சாலி எழுந்து, குரல் வந்த பக்கமாகத் தடவிக்கொண்டே போனாள். அவருடைய அங்கியைத் தொட்டு, அங்கிருந்து கையைத் தேடிப் பிடித்தாள். வலது கை. தன் இரண்டு கைக்குள்ளும் அதை வைத்துக்கொண்டு நின்றாள். துரைராஜ் இழுத்துக்கொள்ளவில்லை. கூடைப் பாரம் சுமந்து காய்த்துப்போன அந்தக் கைகளுக்குள் அவருடைய விரல்கள் உருட்டிக்கொண்டே இருந்தன.

"நான் இந்த அம்மாகூடப் போறேன், நைனா" என்றாள் கடைசியில். "நீ போயி படு."

ஜஹீதா அவளை மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிப்போய் எலெக்ட்ரிக் ரயிலில் எழும்பூருக்கு அழைத்துப்போனாள்.  அடுத்த வாரம் எழும்பூரில் ஆபரேஷன் நடந்தது. பாஞ்சாலிக்கு ஒரு கண் கிடைத்தது.

துரைராஜ் அந்த மாதத்துக்குள் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார். ஜஹீதா பொறாமையில் செய்தாள் என்று பேச்சு கிளம்பிற்று. மெடல் தனக்கு வரவில்லை என்ற ஆத்திரம் என்றார்கள் சிலர். ராமானுஜம் வழியில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டார். அடுத்த கமிட்டியில் அவள் பெயர் இல்லை. அதெல்லாம் அவளை அவ்வளவாக வருத்தவில்லை. விழாவுக்கு முன்னாலேயே கமிட்டியில் எழுந்து சொல்லியிருந்தால் வராந்தா நிறைய மனிதர்கள் முன்னால் சொல்ல வேண்டி வந்திருக்காது என்பதுதான் அறுத்துக்கொண்டே இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்துச் சொர்ணம் ஆளனுப்பினாள். வீட்டை விற்றுவிட்டு அவர்கள் அடையாற்றில் கடற்கரைப் பக்கம் குடிபோயிருந்தார்கள். ஜஹீதா போனபோது துரைராஜ் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்போது இரண்டு கைகளுமே ஆடின. முகம் மரம்போல இருந்தது. கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன. பாஞ்சாலிக்கு எவ்வளவு தெரிகிறது என்று கேட்டார். தானே ஊசியில் நூல் கோக்கிறாள் என்று சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.  மறுபடி பேசியபோது குரல் முணுமுணுப்பாகத்தான் வந்தது, அவள் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"அந்த ஹால்ல அத்தனை டாக்டர் இருந்தாங்க. ஒருத்தன்கூடச் சொல்லலை. நீங்க ஒருத்திதான் சொன்னீங்க. நீங்க செஞ்சது சரின்னு எனக்குத் தெரியும். ஆனா உங்களை மன்னிக்க முடியலை, ஜஹீதா. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்."

அவள் தலையை அசைத்தாள். மன்னிப்புக் கேட்க அவள் வரவில்லை. ஆனாலும் அது வலித்தது. சொர்ணம் கஞ்சி கொண்டுவந்து ஸ்பூனால் ஊட்டத் தொடங்கியதும் எழுந்துகொண்டாள்.

ஸ்பூனை வைத்துவிட்டுச் சொர்ணம் வாசல்வரை வந்தாள். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கேட்காத குரலில் பேசினாள்.

"பாஞ்சாலிக்கு முன்னாடியே ரெண்டு பேருக்குக் கண்ணு போச்சும்மா. யாருன்னு எனக்குத் தெரியும். ஒருத்தர் நம்ம தெருதான். நானும் பேசாமதான் இருந்தேன்."

ஜஹீதா அவள் தோளில் கை வைத்தாள்.  உள்ளிருந்து துரைராஜ் ஏதோ முனகினார். சொர்ணம் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஜஹீதா பஸ் நிற்கும் இடத்தை நோக்கி மணலில் நடந்தாள்.