ஐம்பத்தொன்றாம் பக்கத்து ஆரஞ்சு

...இல்லை, இது தற்செயல் இல்லை, தற்செயலுக்கும் ஒரு அளவு வேண்டாமா, பஸ் டிக்கெட்டை நாலாக மடித்துக் கைக்கடிகார வாருக்குள் செருகிக்கொள்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருத்தர்தான், இருபத்திரண்டு வருஷமாக அவளுடைய வீட்டுக்காரர், அவர் எப்படி இந்த மாதக் காதல் நாவலின் நாற்பதாம் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்?... "நாலாக மடித்து கமா கடிகார வாருக்குள் செருகிக்கொண்டு கமா அவளைப் பார்த்துச் சிரித்தான் முற்றுப்புள்ளி" என்று வாய் அதுபாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. அதுதான் வேலை. எழுத்தாளர் அனுப்பிய பிரதியை ஒருத்தி சத்தமாக வாசிக்க வேண்டும், எதிரே இன்னொருத்தி அச்சுக்குப் போகிற தாளில் விரலை வைத்து ஒப்பிட்டுக்கொண்டே வர வேண்டும், ஒரு புள்ளி விட்டுப்போகக் கூடாது. ஊரெல்லாம் கம்ப்யூட்டரை நம்பிய பிறகும் இந்த முதலாளி மட்டும் இதை விடவில்லை, அவருக்கு மெஷின் மேலும் நம்பிக்கை இல்லை, மனுஷர் மேலும் நம்பிக்கை இல்லை, இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்தால் ஒருத்தி தூங்கினாலும் இன்னொருத்தி காட்டிக்கொடுப்பாள் என்று ஒரு நினைப்பு. எதிரே இருப்பவளை ஆபீஸே கண்ணாடி என்றுதான் கூப்பிடும், மூக்கு நுனியில் தொங்குகிற அந்தக் கண்ணாடியை வைத்து. பதினொரு வருஷமாக இவர்கள் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்து "கண்ணே ஆச்சரியக்குறி" "உயிரே மூன்று புள்ளி" என்று சொல்லிச் சொல்லி, இப்போது சிரிப்புக்கூட வருவதில்லை.

காதலாம் காதல்! இந்த நாவல்கள் மேல் அவளுக்குத் துளி நம்பிக்கை கிடையாது. எப்படி வரும்? முதலாளி அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, பதினைந்தாம் பக்கத்துக்குள் சண்டை, முப்பதில் மழை, எழுபதுக்கு முன்னால் முத்தம் கூடாது, தொண்ணூற்றாறில் கல்யாணம்... இதை எழுதுவதற்கு எழுத்தாளர் எதற்கு, நல்லதாக ஒரு தையல் மாஸ்டர் போதுமே! அட்டையில் இருக்கிற அந்த அழகான பெண் பெயருக்கு உடம்பே கிடையாது, அது முதலாளி சூட்டிய பெயர், பின்னால் ஐந்தாறு பேர் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள், யார் எவர் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். இது புரியாமல் அந்தப் பெயருக்கு மாதம் முப்பது கடிதமாவது வருகிறது, எல்லாம் பெண்கள், எல்லாவற்றிலும் ஒரே பாட்டு, 'இது என் கதை, உங்களுக்கு எப்படித் தெரியும்?'... டீ நேரத்தில் கண்ணாடியும் அவளும் அதை வாசித்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். என்ன குறை இந்தப் பெண்களுக்கு? வீட்டில் கிடைக்காததைத் தேடுகிறார்களா, கிடைத்ததே போதவில்லையா, இல்லை, பொழுது போகாத கொழுப்பா? அட்டைக்கு மேல் பழைய பேப்பரைச் சுற்றி மறைத்து வைத்துக்கொண்டு வாசிக்கிறார்களே, மறைக்கிற சாமானில் நல்லது என்ன இருக்கப்போகிறது? சின்னவளும் அப்படித்தான் சுற்றி வைத்திருப்பாள்.

சின்னவள்... கூடப் பிறந்த தங்கை, கல்யாணம் முறிந்து இரண்டு பெட்டியோடு வந்து எட்டு மாதம் வீட்டில் இருந்தவள். மாதம் பிறந்தால் இவள் கொண்டுவருகிற நாவலைப் பறித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுவாள். "நானும் ஒண்ணு எழுதலாம்னு இருக்கேன், சிரிக்காதேக்கா" என்றாள் ஒரு நாள். இவள் சிரித்தாள். அப்புறம் அந்த மத்தியானம், தலைவலி என்று ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்த மத்தியானம், ஜன்னலடியில் சின்னவள், கையில் பேப்பர் சுற்றிய புத்தகம், பக்கத்தில் தட்டு, தட்டில் உரித்து வைத்த ஆரஞ்சுச் சுளைகள், அறையின் அந்தக் கோடியில் வீட்டுக்காரர் செய்தித்தாளோடு. பேச்சு இல்லை, பார்வை இல்லை, ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததுதான் இவளுக்குச் சுருக்கென்றது. கேட்காமலேயா உரித்து வைத்தார்? இவளுக்கும் உரித்துத் தருவார்தான், ஆனால் கேட்ட பிறகு... எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டாள், கேட்காமல் உரித்தது ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. பத்தே நாளில், "பையன் ஹாஸ்டலை விட்டு வர்றான், அந்த ரூம் வேணும்" என்று சொல்லிவிட்டாள். பையன் அந்த வருஷம் வரவே இல்லை. சின்னவள் இப்போது வேறு ஊரில், ஒரு டாக்டர் வீட்டு முன்னறையில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருக்கிறாளாம், இரண்டு வருஷமாகப் போன் கிடையாது. நன்றி கெட்டவள்! சும்மா இருக்கிறாளா பார், உட்கார்ந்து எழுதிவிட்டாள், என் வீட்டை, என் வீட்டுக்காரரை, என் வாயாலேயே வாசிக்க வைத்து... அக்காதான் இதை வாசிப்பாள் என்று தெரிந்தே அனுப்பியிருக்கிறாளா?

பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடி பார்த்திருக்க வேண்டும், அவள் கண்ணுக்கு எதுதான் தப்பும், "என்னக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். வேண்டாம், வேண்டாம், அடுத்த பக்கம். இப்போது அவளுக்குப் பயத்தைவிட ஆவல்தான் பெரிதாக இருந்தது, சாட்சி இருக்கிறது, கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறேன், அன்றைக்கு நான் நினைத்ததில் தப்பில்லை... ஐம்பத்தொன்று. ஜன்னல். ஐயோ, ஜன்னலேதான். "அவன் ஒன்றும் பேசாமல் ஆரஞ்சை எடுத்து கமா தோல் அறுபடாமல் ஒரே சுருளாக உரித்து கமா தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கமா சுளைகளை அவள் பக்கம் நகர்த்தினான் முற்றுப்புள்ளி."

"நில்லுங்கக்கா, நில்லுங்க" என்றாள் கண்ணாடி. "இங்க அவ்வளவு இல்லையே. 'ஆரஞ்சை உரித்து அவளிடம் கொடுத்தான்', அவ்வளவுதான் இருக்கு. சுருள், சட்டைப் பை எல்லாம் உங்க பிரதியில இருக்கா? டைப் பண்ணினவன் விட்டுட்டானா?" அவள் குனிந்து பார்த்தாள். இல்லை. பிரதியிலும் ஆரஞ்சை உரித்து அவளிடம் கொடுத்தான், முற்றுப்புள்ளி. பதினொரு வருஷத்தில் ஒரு கால்புள்ளிகூடக் கூட்டி வாசித்ததில்லை, இப்போது ஒன்றரை வரி, இல்லாத ஒன்றரை வரி, எங்கிருந்து வந்தது? சட்டைப் பையில் தோலைப் போடுகிறவர் அவர்தான், துவைக்கும்போது பையை உதறுகிறவள் இவள்தான். "கண்ணு இருட்டிக்கிட்டு வருது, இதோ வந்துடறேன்" என்று எழுந்துவிட்டாள். கண்ணாடி தாளில் அந்த வரிக்கு நேராகப் பென்சிலை வைத்தாள்.

முதலாளி போனில் யாரிடமோ அட்டையைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார், வைக்கிற வரைக்கும் நின்றாள், நின்றபடியே பொய்யை யோசித்தாள், பிரதியில் ஒரு இடம் புரியவில்லை, எழுதினவரையே கேட்டால் தேவலை என்று... "அவரைக் கேக்கறதா? அதெல்லாம் நம்ம வழக்கம் இல்லையேம்மா" என்றவர், ஏனோ அன்றைக்கு நல்ல மனசில் இருந்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெளிய விட்டுடாதீங்க. போன வாரம் குடையோட ஒரு பெரியவர் வந்தாரே, பேப்பர் விக்க வந்தவர்னு நினைச்சு அரை மணி நேரம் வெளிய உக்கார வச்சீங்களே, அவர்தான். ரயில்வேல கார்டா, பச்சைக் கொடி காட்டிக்கிட்டு இருந்தவர். கல்யாணமே கட்டிக்கல, மனுஷன் என்னமா உருகுறார் பாருங்க! இது அவருக்கு எட்டாவது நாவல்." அவரே சிரித்துக்கொண்டார். அவளும் சிரித்து வைத்தாள்.

வராந்தாவில் வந்து நின்றாள். சரி, இப்போது நிம்மதி வர வேண்டும்... வரட்டும் என்று நின்றாள். டிக்கெட்டை வாரில் செருகுகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், ரயிலிலேயே காலம் தள்ளினவர் பார்க்காத ஜனமா, ஆரஞ்சு உரிக்காத கை உண்டா, வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை, பெரிய பாரம் இறங்கியிருக்க வேண்டும், ஏன் இறங்கவில்லை? முதலாளி வாயில் உண்மை எப்போது வந்திருக்கிறது, முதல் தடவை அச்சடிக்கிற புத்தகத்தின் அட்டையில் ஐந்தாம் பதிப்பு என்று போடுகிற மனுஷர், இதிலும் பொய்தான் சொல்லியிருப்பார், சின்னவள்தான் காலைப் பிடித்துச் சொல்லாதீர்கள் என்று கேட்டிருப்பாள்... கடவுளே, அவர் சொன்னது பொய்யாக இருக்கட்டும். என்ன கேட்கிறோம் என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. புருஷனும் தங்கையும் தப்பு செய்திருக்கட்டும் என்றா வேண்டிக்கொள்கிறாள்? உள்ளேயிருந்து கண்ணாடி, "வாங்கக்கா, ஐம்பத்தொண்ணுலயே நிக்குது" என்று கூப்பிட்டாள். வர்றேன், வர்றேன். அன்றைக்கு வாசலில் இரண்டு பெட்டியையும் கீழே வைத்துவிட்டுச் சின்னவள் கேட்டாள், "நான் என்னக்கா பண்ணேன்?" இவள் தெருவைப் பார்த்துக்கொண்டு, "வண்டி நிக்குது, கிளம்பு" என்றாள். என்ன பண்ணினாள் என்று பிறகு நிதானமாகக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்றுதான் அப்போது நினைத்தாள்.