துண்டுக்குள் பத்து விரல்

நான் போலீஸ்காரன் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லாவிட்டால் யாரும் நம்புவதில்லை, சொன்னாலும் பாதிப்பேர் நம்புவதில்லை. தொப்பி கிடையாது, லத்தி கிடையாது. விரல்ரேகைப் பிரிவில் சிவிலியன் உதவியாளன். கையில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் மசி, உருளை, வெள்ளைப் பொடி, தூரிகை, பூதக்கண்ணாடி. ஸ்டேஷன்களில் என்னை 'விரல்காரன்' என்பார்கள். தேவிகுளத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் என் அம்மா செபமாலையம்மாள், மகன் திருடர்களின் விரலைப் பிடித்துப் பிழைக்கிறான் என்று சொல்ல வெட்கப்பட்டு, "அமிர்தநாதனுக்குச் சர்க்கார்ல எழுத்து வேலை" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் என் வேலைக்கு ஒரு கண்டம் வந்தது. அதுவரை நான் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அப்போதுதான் வந்திருந்தது. அதில் ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. நான் எந்த ஸ்டேஷனில் வேலை பார்க்கிறேனோ அந்த இன்ஸ்பெக்டர் 'நேர்மையானவர்' என்று எழுதி ஒப்பமிட வேண்டும். மாட்டேன் என்றால் பெட்டியைக் கொடுத்துவிட்டு மலையேறி அம்மாவோடு கொழுந்துக் கூடை சுமக்க வேண்டியதுதான்.

அந்தச் சமயம் பார்த்து முதலமடையில் ஒரு திருட்டு. மாங்காய் மண்டி வைத்திருந்த அப்துல் சமது ராவுத்தர் வீட்டில், கண்ணாடி அலமாரியில் இருந்த இரண்டு ஜோடி வெள்ளிக் கொம்புக் குப்பிகளைக் காணவில்லை. ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கு அவருடைய காளைகள் கொம்பு நுனியில் மாட்டிக்கொண்டு போகும் குப்பிகள். குப்பி இல்லாமல் காளைகளை வாசல் தாண்ட விடமாட்டார், அது அவர் வீட்டு வழக்கம். பந்தயத்துக்கு இன்னும் ஐந்தே நாள் இருந்தது.

அலமாரிக் கண்ணாடியில் பொடி தூவியதும் ஒரு வலது கட்டைவிரல் எழுந்து வந்தது. இவ்வளவு தெளிவான ரேகையை நான் பார்த்ததில்லை. படம் எடுத்துக்கொண்டேன். ராவுத்தரிடம், "வீட்ல உள்ள எல்லாரும் வந்து விரல் வைக்கணும்" என்றேன். ராவுத்தர், மகன் நூர்தீன், மாடு பார்க்கும் சின்னமுத்து, கணக்குப்பிள்ளை, இரண்டு கூலியாட்கள் வரிசையாக வந்தார்கள். "இவ்வளவுதானா?" என்றேன். "இவ்வளவுதான்" என்றார். 'வீட்டார் அனைவரும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். ஒருவர் ரேகையும் கண்ணாடி ரேகையோடு பொருந்தவில்லை. என் புத்திசாலித்தனத்தில் எனக்கு அன்று ஒரு சந்தேகமும் இல்லை.

எங்கள் மலையாளத்து இன்ஸ்பெக்டருக்கு யார் மேல் சந்தேகம் என்று கேட்கவே வேண்டாம். மாட்டுத் தரகர் சென்னியப்பன். அந்தக் காளைகளை வாங்கித் தருகிறேன் என்று ஒரு பொள்ளாச்சிக்காரருக்காக அவர் மூன்று முறை நடந்திருக்கிறார், ராவுத்தர் மூன்று முறையும் விரட்டியிருக்கிறார். காணாமல் போன அன்றும் அவரை வாசலில் பார்த்திருக்கிறார்கள். பிடித்துக்கொண்டு வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

ஐம்பது வயது, ஒல்லி, காதில் கடுக்கன், தோளில் சிவப்புக் கரைத் துண்டு. பத்து விரலையும் எடுக்க நான் பெட்டியைத் திறந்தேன். தை மாதக் கணவாய்க் காற்று ஸ்டேஷனுக்குள் புகுந்து மேசையெல்லாம் புழுதி. துடைத்த விரலில் மறுபடி தூசி ஒட்டினால் ரேகை கெட்டுவிடும். அதனால் அவருடைய துண்டையே வாங்கி அவர் கைமேல் போர்த்தினேன். துண்டுக்குள் என் கையை விட்டு, முதலில் கட்டைவிரலைத் துடைத்து உருட்டி எடுத்தேன். பிறகு மற்ற நாலு விரலையும் சேர்த்துப் பிடித்து அழுத்தித் துடைத்தேன்.

சென்னியப்பன் திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு துண்டுக்குள்ளேயே என்னுடைய இரண்டு விரலைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார்.

"சும்மா இருங்கய்யா" என்று அதட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். இடது கைக்கு வந்தேன். அதே போல் துண்டு, கட்டைவிரல், பிறகு நாலு விரல். அவர் பெருமூச்சு விட்டார். இந்தமுறை என் மூன்று விரலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பயந்த மனுஷன், கை நடுங்குகிறது என்று நினைத்தேன். இரக்கம்கூட வந்தது.

"சரி, முடிஞ்சுது" என்றேன்.

"முடிஞ்சுதுங்க. வாக்கு வாக்குத்தானுங்க" என்று எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஊர்ப்பக்கத்து மரியாதை போலிருக்கிறது என்று நானும் தலையாட்டினேன். எங்கள் மலையில் தேயிலை உண்டு, ஏலம் உண்டு, அட்டை உண்டு. மாட்டுச் சந்தை கிடையாது.

கண்ணாடி ரேகை சென்னியப்பனுடையது இல்லை. சந்தேகமே இல்லை. 'பொருந்தவில்லை' என்று எழுதி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். அவரை விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போனால் வாசல் வேப்பமரத்தில் ஒரு செவலைப் பசு, பக்கத்தில் கன்று. சென்னியப்பன் குளித்து விபூதி பூசி நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. எங்க கட்டறதுன்னு தெரியல, அதான் மரத்துல கட்டியிருக்கறனுங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் உள்ளேயிருந்து வந்தார். "எடோ, இது யாருடே பசு?"

"விரல்காரருதுங்க. நேத்து இங்கதானுங்க பேசி முடிச்சோம்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். அவர் கையில் இருந்தது என் அறிக்கை.

"என்ன பேசினேன்? எப்ப பேசினேன்?" என்று கத்தினேன்.

"வாயில பேசுவாங்களாங்க? கையிலதான். மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள வெரலப் புடிச்சுத்தானுங்க வெல, ஒரு வெரல் நூறு ரூவா." சென்னியப்பன் பொறுமையாக இன்ஸ்பெக்டருக்கு விளக்கினார். "மொதல்ல கட்ட வெரலப் புடிச்சாருங்க. கட்ட வெரலுக்குச் சந்தையில வெல இல்ல, அது சும்மா. அப்பறம் நாலையும் சேத்துப் புடிச்சாருங்க. நானூறு. நான் எரநூறுன்னேன். அதட்டிப்போட்டு மறுக்கா நானூறுன்னாரு. கடைசியா முந்நூறுன்னேன், முடிஞ்சுதுன்னு வாய்விட்டே சொன்னாருங்க. கையில ரொக்கம் இல்ல. இந்த மாடு முந்நூறுக்குக் கொறையாதுங்க."

"நீ திருடலையே, எதுக்கய்யா எனக்குக் காசு?" என்றேன்.

"திருடலைங்க. ஆனா சர்க்காரு வெரலப் புடிச்சுக் கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமாங்க? அதுலயும் நீங்க துண்டு போட்டு மரியாதையாக் கேட்டீங்க. இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்லைங்க."

பெஞ்சிலிருந்த ஏட்டு அலவி சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து என் நிரந்தரக் காகிதத்தை எடுத்து வெளியே வைத்தார்.

"நேர்மைன்னு ஞான் எங்ஙனே எழுதும்? கையில பசு, வாயில 'பொருந்தவில்லை'. உச்சைக்குள்ளே ஆ விரல் யாருடேன்னு காட்டு. இல்லெங்கில் நீ பசு வாங்கின்னு மேலிடத்துக்கு எழுதி அயக்கும்."

மத்தியானத்துக்கு மூன்று மணி நேரம்தான் இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெரிதாக்கிய படத்தை எடுத்துச் சென்னியப்பன் மூக்குக்கு நேரே நீட்டினேன். "பாரும், நல்லாப் பாரும். இது உம்ம விரல் இல்லன்னு நான் எழுதினது, ரேகை அப்படி இருக்கிறதுனால. உம்ம மாட்டுக்காக இல்ல."

அவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. தொட்டாத் தெரியும். எப்படி இருக்கும்னு சொல்லுங்க."

சொன்னேன், வேறு என்ன செய்வது? வலது கட்டைவிரல். அளவில் சின்னது. ரேகையின் குறுக்கே மயிரிழை போலப் பதினோரு வெட்டுக்கள், எல்லாம் ஒரே திசையில். புகையிலை நறுக்குகிற ஆளோ என்னவோ என்று நானே குழம்பிப்போயிருந்தேன்.

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு வலது கையைக் காற்றில் நீட்டி விரல்களை அசைத்தார். ஒவ்வொருவர் கையாக நினைவில் பிடித்துப் பார்க்கிறார் என்று சற்று நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

"ராவுத்தருது தடிச்ச வெரல், பூவம்பழமாட்ட இருக்கும். நூர்தீனுக்குக் கவுறு அறுத்துக் காப்புக் காச்ச வெரல். சின்னமுத்துக்கு நகம் பாதி இல்ல. கணக்குப்பிள்ளைக்குப் பஞ்சாட்ட." கண்ணைத் திறந்தார். "இந்த வெரல் எந்தத் துண்டுக்குள்ளயும் வந்ததில்லைங்க. கவுறு புடிக்கிற கைக்கு இப்படி வெட்டு வராது. கத்தியக் கட்ட வெரல்மேல வெச்சு மாங்கா நறுக்கற கை. அந்த ஊட்டுல துண்டுக்குள்ள வராத கை ஒண்ணுதானுங்க இருக்குது."

'வீட்டார் அனைவரும்' என்று எழுதிக் கோடு போட்ட காகிதம் மேசைமேல் கிடந்தது. அன்னிய ஆண்கள் முன் ராவுத்தர் வீட்டுப் பெண்கள் வரமாட்டார்கள். அவர் இவ்வளவுதான் என்றார், நானும் ஆண்களை எண்ணி வீட்டை முடித்துவிட்டேன். என் அம்மாவின் விரலைப் பார்த்து வளர்ந்தவன் நான். கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகை தேய்ந்த விரல் அது. வெட்கமாக இருந்தது.

மாங்காய் லாரிகளின் புழுதியில் இன்ஸ்பெக்டர், சென்னியப்பன், நான் மூவரும் ஜீப்பில் முதலமடைக்குப் போனோம். ராவுத்தர் வாசலிலேயே மறித்தார். "எம் பொண்டாட்டிகிட்ட ரேகையா? என்ன பேசறீங்க?" இன்ஸ்பெக்டர் வாயைத் திறப்பதற்குள் உள்கதவுத் திரை அசைந்து, மிளகாய்ப்பொடி ஒட்டிய ஒரு கை வெளியே நீண்டது.

"எடுத்துக்கங்க" என்றது ராவுத்தர் மனைவி சபியா பீவியின் குரல். "மூணு நாளா யாராவது கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். ஊட்டுல இருக்குற நாயைக்கூட வெசாரிச்சீங்க, என்னைக் கேக்கல."

மசி தடவ வேண்டிய அவசியமே இல்லை. வெட்டுக்கள் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. இருந்தாலும் முறைப்படி எடுத்தேன். பதினொன்றும் இருந்தது.

"குப்பி எங்கேம்மா?"

"மொளகாப் பானையில. இவரு அதுல கை விடமாட்டாரு." கை திரைக்குள் திரும்பிப் போனது. "போன வருசம் வண்டி சாஞ்சு நூர்தீனுக்குக் கால் ஒடிஞ்சுது. இப்பவும் நொண்டுறான். மறுபடியும் அவனையே ஓட்டச் சொல்றாரு. வேணாம்னு நூறு தடவ சொன்னேன், கேக்கல. குப்பி இல்லேன்னா காளை வெளிய போவாது, அதான். சென்னியப்பனப் புடிச்சாங்கன்னு இன்னிக்கு விடியத்தான் சின்னமுத்து சொன்னான். அண்ணே, மன்னிச்சுக்கங்க."

"அதுக்கென்னுங்கம்மா" என்றார் சென்னியப்பன், தரையைப் பார்த்தபடி.

ராவுத்தர் மகன் நிற்கிற பக்கம் பார்த்தார். நூர்தீன் சுவரில் சாய்ந்து, ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றுகொண்டிருந்தான். "புகார வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார் ராவுத்தர். "பந்தயமும் வேணாம்."

என் வேலை பிழைத்தது என்று நினைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். வேப்பமரத்தடியில் செவலை அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"ஓட்டிட்டுப் போங்க" என்றேன்.

சென்னியப்பன் அசையவில்லை. "அது முடியாதுங்க. துண்டுக்குள்ள முடிஞ்சதத் திருப்பி எடுத்தேன்னு தெரிஞ்சா, நாளைக்கு ஒருத்தன் எங்கிட்டக் கை குடுக்கமாட்டான். என்ர பொழப்பே இந்தக் கைதானுங்க."

"நான் வச்சுக்கிட்டா என் பொழப்பு போயிருமே."

"அதுந் தெரியுதுங்க" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். பசு மட்டும்தான் கவலையில்லாமல் இருந்தது. இன்ஸ்பெக்டர் என் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று எங்களைப் பார்த்தார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. "சரி, மாடு என்னுது. ஒத்துக்கிறேன். இப்ப நான் விக்கப் போறேன். நீங்க வாங்கிக்கிறீங்களா? துண்டக் குடுங்க."

அவர் தயங்கித் தயங்கித் துண்டை எடுத்துக் கைமேல் போட்டார். உள்ளே கையை விட்டேன். அவருடைய நாலு விரலும் விறைத்துக்கொண்டு காத்திருந்தன, எதைப் பிடிப்பேனோ என்று. நான் அவற்றைத் தொடவில்லை. விலையில்லாத கட்டைவிரலைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினேன்.

சென்னியப்பன் சிரித்துவிட்டார். கண்ணும் கலங்கியது. என் கட்டைவிரலைப் பதிலுக்குப் பிடித்தார்.

"முடிஞ்சுதுங்க" என்றார்.

"முடிஞ்சுது" என்றேன், இந்தமுறை தெரிந்தே.

அவர் பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு புழுதியில் மறைகிறவரை இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காகிதத்தை மேசையில் விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"எத்தரக்கா முடிஞ்சது?" என்றார்.

துண்டுக்குள் முடிந்த விலையை வெளியே சொல்வது வழக்கமில்லை என்றேன். அவர் ஒருமுறை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'நேர்மையானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.