சோணைமுத்து மந்திரியை மறித்த வழக்கு

மந்திரியை மறித்தது நாங்கள். வழக்கு விழுந்தது என் அய்யா மேல். அறுபத்தொன்றாம் வருஷத்தில் எங்கள் பக்கத்துப் போலீஸ் வேலை பார்த்த அழகு அப்படி.

சாயல்குடிக்குத் தெற்கே, கடலோரத்து உப்பள ஊர் ஒன்றில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். குடிதண்ணீர்க் குழாய் போட்டுத் தருகிறேன் என்று ஓட்டு வாங்கிப் போன மந்திரி, நாலு வருஷம் கழித்து ஏதோ பாலம் திறக்க அந்த வழியாக வருவதாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு நஃபீசாதான் ஆரம்பித்தாள்.

"மாலை போடுறவக போடட்டும் சேதுலட்சுமி. நம்ம காலிக் குடத்தக் காட்டுவோம்."

ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பித்தளைக் குடங்களோடு ரோட்டை மறித்து உட்கார்ந்தோம். கார் நின்றது. நான் எழுந்து போய், "குழாய் எங்கன வந்துக்கிட்டு இருக்குங்கய்யா?" என்று கேட்டேன். எனக்கு அவ்வளவு பெரிய தொண்டை இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. மந்திரி கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். போலீஸ் தடியை ஓங்கியது. குடங்களைப் போட்டது போட்டபடி உடைமரக் காட்டுக்குள் ஓடினோம்.

ஆள் ஒருத்தரும் சிக்கவில்லை. குடங்கள் சிக்கின. அன்றைக்கே வழக்குப் போட்டாக வேண்டும் என்று மேலே இருந்து நெருக்கினார்களாம். சப்-இன்ஸ்பெக்டர் குடங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் பேரும் ஊரும் வெட்டியிருந்தன. அப்படியே எழுதிக்கொண்டார். சீர்க் குடத்தில் கொடுத்தவர் பேரைத்தான் வெட்டுவார்கள் என்பது, அவர் தன் வீட்டு அடுப்படிக்கு ஒரு நாள் போயிருந்தால் தெரிந்திருக்கும். இப்படியாக, கொழும்பில் கடை வைத்திருந்த நஃபீசாவின் அண்ணன் வாவு முகம்மது மந்திரியை மறித்தார். இன்னொருத்தியைப் பெற்றவர், செத்துப் புல் முளைத்துப்போன ராக்கப்பன் மறித்தார். உத்தரகோசமங்கையில் உழுதுகொண்டிருந்த என் அய்யா சோணைமுத்துவும் மறித்தார்.

விஷயம் தெரிந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சம்மனும் கையுமாக அய்யா என் வாசலில் வந்து நின்றதும் எனக்குச் சிரிப்பு அற்றுப்போனது. வரப்புத் தகராறில் நிலம் போனாலும் போகட்டும், கோர்ட் வாசலை மிதிக்க மாட்டேன் என்று இருந்த மனுஷர் அவர்.

"நான் குடுத்த குடம் எங்கத்தா?"

"நஃபீசா வீட்டுல இருக்குய்யா" என்று புளுகினேன்.

அவர் மூலையில் இருந்த மண்பானையில் செம்பை விட்டு மோந்து குடித்தார். முதல் மடக்கிலேயே முகம் கோணியது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அப்படிக் கரிக்கும். எப்போது அவர் வந்தாலும், வண்டியில் விற்க வரும் நல்ல தண்ணீரை வாங்கி வைத்திருப்பேன். இந்தத் தடவை சொல்லாமல் வந்துவிட்டார். தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றி வாயெடுத்தால், "குறை சொல்லாம ஒனக்குச் சோறு எறங்காதே" என்பார். அன்றைக்குச் செம்பு காலியாகும் வரை குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

"மந்திரிய மறிச்சா ஆறு மாசமாம்ல. நீ வாயத் தொறந்துறாத. ஒங்க அய்யாவ விட்டுருவாக" என்றாள் நஃபீசா. எனக்கு இடுப்பில் பிள்ளை. பயமாகத்தான் இருந்தது.

வாய்தா அன்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாதிரி, ராமநாதபுரம் கோர்ட்டில் கடைசியில் நின்றோம். மேஜையில் எங்கள் குடங்கள் சீட்டுக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வாவு முகம்மதுவைக் கூப்பிட்டார்கள். கொழும்பில் இருக்கிறார் என்று பதில் வந்தது. ராக்கப்பனைக் கூப்பிட்டார்கள். காலமாகிவிட்டார் என்றார்கள். மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அடுத்தது அய்யா. எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொன்னால் போதும், வழக்கு அத்தோடு படுத்துவிடும்.

"நாந்தான் மறிச்சேன், எசமான்."

"பெண்கள் கூட்டத்திலா?"

"ஆமாங்க. மகளக் குடுத்த ஊர்ல தண்ணி உப்பாக் கெடக்கு. வாக்கப்பட்ட நாள்லருந்து அதத்தான் குடிக்குது. நான் இப்பத்தான் ஒரு செம்பு குடிச்சுப் பாத்தேன். முன்னாடியே மறிச்சிருக்கணும்."

ஆறு மாசமாவது, ஆறு வருஷமாவது! பிள்ளையை நஃபீசா கையில் திணித்துவிட்டு முன்னால் போனேன்.

"பொய் சொல்றாக எசமான். அந்தக் குடம் என்னோடது. மறிச்சது நான்."

"அந்தா, அது என்னோடது" என்று பிள்ளையும் கையுமாகப் பின்னாலேயே வந்தாள் நஃபீசா. அப்புறம் ஆளாளுக்குத் தன் குடத்தைக் காட்டிக் கத்த, கோர்ட் குழாயடியாகிவிட்டது. குழாயையே பார்க்காத ஊர்க்காரிகளின் குழாயடி.

மாஜிஸ்திரேட் கைக்குட்டையால் வாயை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். கோர்ட் கலையும் வரை காவலில் உட்கார்ந்திருப்பதுதான் எங்களுக்குத் தண்டனை. குடங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அய்யாவை வீட்டுக்குப் போகச் சொன்னார். "ஒத்துக்கிட்டேன்ல" என்று முறைத்துக்கொண்டு அவரும் எங்களோடு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் கோர்ட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டோம். என் குடத்தை அய்யா என்னைத் தொடவிடவில்லை. தோளில் தூக்கி வந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டார். "தண்ணிக் கொடத்தை எறக்குங்க" என்ற கண்டக்டரிடம், "கேஸுக் கொடம்ப்பா, பாத்துப் பேசு" என்றார். அவர் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கு வந்தபோது இறங்கவில்லை. எங்கள் ஊர் வரை வந்தார்.

வாசலில் குடத்தை என் இடுப்பில் வைத்துவிட்டு, ஈரத் துண்டைப் பிழிந்தார்.

"அடுத்தவாட்டி மறிக்கையில ஆள் விட்டுச் சொல்லியனுப்புத்தா. கொடத்துல எம் பேருதான இருக்கு."