இரண்டு மதிப்பெண் மோதிரம்

"தனக்கு உதவாத மோதிரத்தை யாருப்பா போட்டுப்பாங்க?" என்று அதிதி ஒருநாள் கேட்டாள். எட்டு வயதுக் குழந்தை. அவள் அப்பா சிவராம் அப்போது ஓர் ஆட்டத்தை எழுதிக்கொண்டிருந்தார். யாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, மோதிரத்தின் அட்டையில் இரண்டு என்று எழுதினார். பத்துக்கு இரண்டு.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டம் அது. ஆளுக்கொரு வீரன். ஒவ்வொரு வீரனுக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி என்று உண்டு. எதிரே வரும் பூதங்களை நடுவர் ஆடுவார். வீரர்களுக்குக் கிடைக்கும் மந்திரப் பொருள்கள் நாற்பதையும் சிவராமே கற்பனை செய்திருந்தார். புத்தகமாக அச்சடிக்க ஆசை. அதற்குமுன் ஒவ்வொரு பொருளின் வலிமைக்கும் மதிப்பெண் போட்டாக வேண்டும்.

அவர் போட்ட விதம் இது. அணுபுரம் குடியிருப்பில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வீரனையும் ஒரு பூதத்தையும் இருபது முறை மோதவிடுவார். பொருள் இல்லாமல் எத்தனை சுற்று தாங்குகிறான், பொருளோடு எத்தனை சுற்று தாங்குகிறான் என்று குறித்துக்கொள்வார். தீக்கத்தி பத்து வாங்கியது. ஆமையோட்டுக் கேடயம் எட்டு. மோதிரம் அணிந்தவன் தன் உயிர்ப்புள்ளிகளைக் கூட்டாளிக்குக் கொடுக்கலாம். தனக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த அறையில் கூட்டாளி யாரும் இல்லை. இரண்டு போட்டதே இரக்கத்தில்தான்.

ஞாயிறு மதியங்களில் சமுதாயக் கூடத்தின் பின்னறையில் ஆடிப் பார்த்தார்கள். நடுவர் சிவராம். திருக்கழுக்குன்றத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கும் தேசிகன், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ரக்ஷா, மூன்றாவதாக மோசஸ். மோசஸ் குடியிருப்பின் எலக்ட்ரீஷியன். செங்கல்பட்டிலிருந்து பைக்கில் வருவார். ஒருநாள் மின்விசிறி பார்க்க வந்தவர், ஏணியிலிருந்து இறங்காமலே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காருங்கள் என்று கூப்பிட்டது சிவராம்தான். சார் என்று கூப்பிட வேண்டாம் என்றதும் அவர்தான். மூன்றாவது வாரம் மோசஸ் அவரை அண்ணாத்த என்றார். சிவராமுக்கு அது பிடித்திருந்தது.

அட்டைகளை விரித்தபோது முதல் தேர்வு தேசிகனுக்கு. தீக்கத்தியை எடுத்துக்கொண்டார். அடுத்தது மோசஸ். அவர் கை கேடயத்தைத் தாண்டிப் போய் மோதிரத்தை எடுத்தது.

"மார்க்கைப் பார்த்தியா இல்லையா?" என்றார் தேசிகன்.

"பாத்தேன் சார். நம்ம ஆளு சண்டைக்கு லாயக்கில்ல. இது போதும்."

பதினோரு வாரம் ஒருவரும் சாகவில்லை. தேசிகன் கத்தியைத் தூக்கிக்கொண்டு எந்தக் கூட்டத்துக்குள்ளும் புகுந்தார். தன் துணிச்சலைப் பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லிக்கொண்டார். சிவராம் பூதங்களைக் கூட்டிப் பார்த்தார், பலன் இல்லை. அச்சமே இல்லாத ஆட்டத்தை யார் ஆடுவார்கள் என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது.

கடைசி ஞாயிறுக்கு முந்தின நாள் குறிப்பேட்டை ஆரம்பத்திலிருந்து படித்தார். ஒவ்வொரு சண்டையிலும் மோசஸின் வீரன் தன் புள்ளிகளைக் கொடுத்திருந்தான். கொடுத்துக் கொடுத்து, பதினொன்றில் ஒன்பது சண்டைகளில் அவனே விழுந்து கிடந்தான். விழுந்தவனுக்கு, மருந்து கொடுத்து எழுப்பும்வரை பகடை கிடையாது. அவனுடைய ஆட்டக்காரர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சண்டை உச்சத்தில் இருக்கும்போதெல்லாம் டீ வந்துவிடுவது ஏன் என்று சிவராமுக்கு இப்போதுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் மோசஸ் பிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருப்பார்.

அந்த இடத்தில் அவர் மனம் இளகியிருக்கலாம். தன் மதிப்பெண் தப்பாகிவிட்டதே என்ற எரிச்சல் முந்திக்கொண்டது. இரண்டை அடித்து ஒன்பது என்று எழுதினார். ஒரு சண்டைக்கு ஒருமுறைதான் கொடுக்கலாம் என்று விதியையும் இறுக்கினார்.

மறுநாள் ஆட்டம் தொடங்குமுன் அதைச் சொன்னார். மோதிரம் ஆட்டத்தைக் கெடுக்கிறது என்ற வார்த்தையும் அவர் வாயில் வந்துவிட்டது.

"நெனச்சேன். உக்காந்த எடத்துலயே ஜெயிச்சிண்டிருந்தானே," என்று தேசிகன் சிரித்தார்.

மோசஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு மார்க்குன்னப்போ இது எங்கிட்ட கீதுன்னே உங்களுக்குத் தெரியல அண்ணாத்த. ஒம்போதுன்னதும் கண்ண உறுத்துது." கோபமாகச் சொல்லவில்லை. ஸ்விட்சு பழுது என்று சொல்லும் அதே குரல்.

கடைசிச் சண்டையில் தேசிகனின் வீரன் சாகப் போனான். மோசஸ் தன் ஒரே முறையை அவனுக்குக் கொடுத்தார். அடுத்த அடியில் மோசஸின் வீரன் விழுந்தான். விழுந்தவனுக்கு மூன்று சுற்றுக்குள் மருந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இறப்பான். ஒரே ஒரு மருந்துதான் மிச்சம் இருந்தது. அது தேசிகனிடம் இருந்தது.

"அடுத்த அறைக்குள்ளே இன்னும் என்ன இருக்கோ. வெச்சுக்கறேன்," என்றார் தேசிகன்.

ரக்ஷா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பொற்காசுக் குவியல்தான், வேறு ஆபத்தே இல்லை என்பது சிவராமுக்குத் தெரியும். அவர் எழுதிய அறை அது. ஆனால் நடுவர் சொல்லக்கூடாது. சொல்லாவிட்டாலும், யோசித்துச் சொல்லுங்கள் என்றாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூன்று சுற்று போனது. மோசஸ் பெயருக்கு எதிரே இறந்தான் என்று எழுதினார்.

அவர்கள் பொற்காசுகளைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும்போது மோசஸ் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "வரேன் சார்," என்றார் சிவராமிடம். அதன்பின் ஞாயிறுகளில் புது ஆட்டத்துக்குக் கூப்பிட்டபோதும் அவர் வரவில்லை. டியூட்டி என்று ஒரு செய்தி மட்டும் வந்தது.

நாம் ஒருவரை எடைபோடும்போது பெரும்பாலும் அவரைத் தனியே நிறுத்தித்தான் எடைபோடுகிறோம். ஆண்டவன் அப்படிப் போடமாட்டான் என்று நான் நம்புகிறேன்.

புத்தகம் வந்தது. நன்றிப் பக்கத்தில் மூன்று பெயர்களும் இருந்தன. ஒரு பிரதியை சிவராம் மோசஸுக்கென்று எடுத்து வைத்தார், கொடுக்கத்தான் முகம் இல்லை. இரண்டு மாதம் கழித்து மோட்டார் பார்க்க பூபாலன் வந்தார். மோசஸோடு வேலை செய்பவர். மோசஸைக் காணோமே என்று சிவராம் கேட்டார்.

"அவரு வேலைக்கு வந்து இருவது நாளு ஆவுது சார். வூட்டம்மா ஜெசிந்தாவுக்கு வயித்துல ஆபரேசன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரில ஒண்டியா அல்லாடிக்கினு கீறாரு. உங்களுக்குத் தெரியாதா? ஃப்ரெண்ட்ஸுன்னு சொல்வாரே."

சிவராம் தேசிகனுக்கு போன் செய்தார். பெருமாள் பார்த்துப்பார் என்றார் தேசிகன். பெருமாள் பார்த்துக்கொள்வார்தான். ஆனால் அதற்கு அவர் யாரையாவது அனுப்ப வேண்டியிருக்கிறது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு சிவராம் பஸ் ஏறினார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். மன்னிப்புக் கேட்டால் பரவாயில்லை என்று மோசஸ் சொல்லிவிடுவார். அப்போது மறுபடியும் கொடுப்பது அவராகத்தான் இருக்கும்.

பெண்கள் வார்டு வாசலில், தரையில் பேப்பர் விரித்து மோசஸ் தூங்கிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. மதிய வெயில் கால்மேல் விழுந்தும் அவருக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, ஜெசிந்தாவோடு வந்தது யார் என்று குரல் கொடுத்தார். மோசஸ் அசையவில்லை.

சிவராம் போய் நர்ஸ் நீட்டிய சீட்டை வாங்கிக்கொண்டார். ஸ்கேன் ரிப்போர்ட் கீழே போய் வாங்கி வர வேண்டும். வரிசை படிக்கட்டு வரை நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். முறை வந்தபோது, வாங்குபவர் பெயர் என்று இருந்த இடத்தில் மோசஸ் என்று எழுதினார். மேலே வந்து நர்ஸின் மேசைத் தட்டில் உறையை வைத்தார். நர்ஸ் தலை நிமிரவில்லை.

மோசஸ் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சிவராம் அவரைச் சுற்றி, செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து, படியிறங்கினார்.