திறந்து கிடந்த கேம் பெட்டி

ஆர்த்திகா தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் கொட்டுச் சத்தம் வேகமெடுத்திருந்தது. மருது மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏத்தா, கிறுக்கா புடிச்சிருக்கு? நீர்மாலைத் தண்ணி எடுக்கப் போனவங்களே வந்துட்டாங்க. உடன்பொறந்தவ நீ குப்பையக் கிளறிக்கிட்டு நிக்கிற!"

"ஊசி மாமா. சாம்பக் கலர்ல இருக்கும்."

"இனிமே அவனுக்கு எதுக்குத்தா ஊசி?"

அது மருந்து ஊசியே இல்லை. தம்பி முத்துக்குமரனின் பழைய வீடியோ கேம் பெட்டி, போட்ட கொஞ்ச நேரத்தில் சூடேறி மிக்ஸி மாதிரி அலறி, தானே அணைந்துவிடும். உள்ளே சூட்டைக் கடத்த சிப்பின் மேல் தடவிய பசை காய்ந்துவிட்டது என்று புதிய பசை வாங்கினான். அது ஊசிக்குழாயில் அடைத்து வந்தது. நேற்றுக் காலையில் பெட்டியைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டினான். பிரஷ்ஷால் தூசி தட்டியது அவள்தான். அதற்குள் டயாலிசிஸுக்குப் போக ஆட்டோ வந்துவிட்டது.

"அக்கா, யாரும் தொடாம பாத்துக்க. வந்து மூடிக்கிறேன்."

கண்ணாடிப் பெட்டியில்தான் வந்தான்.

கனகா சித்தி அவனுடைய பாய், தலையணை, மருந்துகளோடு அந்த ஊசிக்குழாயையும் வாரிக் கொட்டியிருந்தாள். மாத்திரை அட்டைகளுக்கு நடுவே அது கிடைத்தது.

வீட்டில் சித்தி குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். "தூக்குனதும் வீட்டக் கழுவணும். அந்தத் தகரத்த எடைக்குப் போட்டுத் தொலை."

"செத்த இருங்க சித்தி."

"எம்புட்டு நேரம்?"

கூட்டத்துக்குள் புகுந்து தம்பிக்கு வாய்க்கரிசி போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்துவிட்டாள்.

சிப்பின் நடுவில் ஓர் அரிசி அளவுக்குப் பசை. அதற்கு மேல் வைக்கக் கூடாது என்று அவன் சொல்லியிருந்தான். திருகுகளை முடுக்கினாள். வெளியே அழுகை உயர்ந்து, கொட்டு தத்தனேரிச் சுடுகாட்டுப் பக்கம் நகர்ந்தது. ஒரு திருகு மிஞ்சியது. எங்கே விட்டது என்று தெரியவில்லை. இருக்கட்டும் என்று சுவிட்சைப் போட்டாள்.

விளக்கு எரிந்தது. அலறப்போகிறது, அணையப்போகிறது என்று காதை வைத்துக் கேட்டாள். மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தது. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடியும் காதை வைத்தாள். அணையவில்லை.

கூடத்தில் முதல் குடத்தைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் நிலைப்படியைத் தாண்டி அறைக்குள் வந்தது. வயரைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, தானும் ஏறி உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காலை மடக்கினாள்.

"கட்டிலுக்கு அடியிலயும் ஊத்துங்க சித்தி" என்றாள்.

பெட்டியின் பின்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று அவள் மணிக்கட்டில் பட்டுக்கொண்டிருந்தது.